மஞ்சள் டேப்பைத் தாண்டி நாலு எட்டு

முதுகுவலி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. எங்கள் வேலைக்கு வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் கேட்பார்கள். நீங்களும் நாற்காலியைக் காட்டி, "நல்லா சாஞ்சு உக்காருங்க தம்பி" என்றீர்கள். பரவாயில்லை சார், நிமிர்ந்தே உட்கார்ந்துகொள்கிறேன். பழகிவிட்டது.

பெயர் ஷெர்வின். வயது இருபத்தெட்டு. சொந்த ஊர் கோயம்புத்தூர். போன மாதம் இதே அறையில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் எழுதியிருப்பது பாதி. மீதியைச் சொல்ல வந்திருக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. வக்கீலிடம் சொல்லாமல்தான் வந்தேன். சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டார்.

ஸ்டெடிகேம் என்றால் என்ன என்று அன்றைக்கு உங்களுக்குச் சரியாகப் புரியவைக்க முடியவில்லை. மார்பில் கவசம் மாதிரி ஒரு சட்டையைப் போட்டு இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அதிலிருந்து ஸ்பிரிங் வைத்த ஓர் இரும்புக்கை நீளும். அதன் நுனியில் கேமரா. எல்லாம் சேர்த்து இருபத்துநாலு கிலோ. போட்டுக்கொண்டு நடக்கலாம், ஓடலாம், படி ஏறலாம். நடக்கிறவன் குலுங்குவான், படம் குலுங்காது. கேமராவில் கண்ணைப் பதிப்பதில்லை. கீழே சின்னதாக ஒரு திரை இருக்கும், அதைப் பார்த்தே நடப்போம். அதனால் எதிரில் இருக்கும் நடிகருக்கு நம் முகம் தெரியும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஐந்து வருஷம் கல்யாணம், வளைகாப்பு, புதுநன்மை என்று வீடியோ எடுத்தேன். பிறகு சென்னையில் ஐந்து நாள் ஸ்டெடிகேம் பயிற்சி. திரும்பி வந்து, பிரவீனா மேடம் ஒரு வெப் சீரிஸ் எடுக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு அவரைப் பார்த்தேன். இரண்டு படத்தில் வேலை செய்திருக்கிறேன் என்று சொன்னேன். செய்யவில்லை. ஆனால் செய்யக்கூடியவன்தான். அந்த அர்த்தத்தில் அது பொய் இல்லை.

பல்லடத்துக்குப் பக்கத்தில் மூடிப்போன ஒரு ஸ்பின்னிங் மில்லில் படப்பிடிப்பு. கதை அண்ணன் தம்பி சொத்துத் தகராறு. தம்பியாக நடித்தவர் சசிதர். பெருந்துறைப் பக்கம் தோட்டம் இருக்கிறது அவருக்கு. டிவி சீரியல்களில் பார்த்திருப்பீர்கள். லைட் தூக்குகிறவரிலிருந்து டைரக்டர் வரைக்கும் எல்லோரையும் "ங்க" போட்டுத்தான் பேசுவார். கெட்டவர் இல்லை. எந்த இடத்திலும் அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, எழுதியும்விடாதீர்கள்.

நாலாவது நாள், கீழ்த்தளத்தில் ஒரு ஷாட். சசிதர் என்னைப் பார்த்து வேகமாக நடந்து வர வேண்டும், நான் அவரைப் படம் பிடித்தபடியே பின்பக்கமாக நடக்க வேண்டும். பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதற்காக ஒருவர் என் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டே வருவார். ஒரு தடவை இழுத்தால் மெதுவாகப் போ, இரண்டு தடவை இழுத்தால் நில். அந்த வேலையைச் செய்தவர் அங்கப்பன். சென்னிமலைக்காரர், ஐம்பது வயது இருக்கும். பதினொரு வருஷமாகச் செய்கிறார்.

அன்றைக்கு அவர் இரண்டு தடவை இழுத்தார். எனக்குத் தெரிந்தது. ஆனால் ஷாட் மிகவும் நன்றாக வந்துகொண்டிருந்தது. அதுவரை எடுத்ததிலெல்லாம் படம் இலேசாக ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அன்றைக்குத்தான் தண்ணீர்மட்டம் வைத்த மாதிரி நின்றது. இன்னும் மூன்று எட்டு போனால் முடிந்துவிடும். போனேன். தூணுக்குப் பின்னால் காஸ்ட்யூம் உதவியாளர் செவ்வந்தி தேய்த்த சட்டைகளோடு நின்றுகொண்டிருந்தார். நானும் இருபத்துநாலு கிலோவும் அவர்மேல் விழுந்தோம். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. தையல் தெரிந்த கை.

பிரவீனா மேடம் மானிட்டர் வைத்திருந்த அறையிலிருந்து ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். "அண்ணன் இழுக்கவே இல்லைங்க மேடம்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாய் சொல்லிவிட்டது. அங்கப்பன் என்னைப் பார்த்தார். "தம்பி, நான் இழுத்தனுங்களே" என்றார். அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் ஒருவேளை நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் சத்தம் போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சசிதர் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வீட்டிலிருந்து வந்த அரிசிம்பருப்பு சோறு. பாதியை என் தட்டில் வைத்தார்.

"ஏனுங் ஷெர்வின், அங்கப்பண்ணன் இழுத்தாருங்க. ரெண்டு வாட்டி. நான் உங்களைப் பாத்துத்தானுங்க நடந்து வந்தேன்."

நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

"நான் போய்ச் சொன்னா நல்லா இருக்காதுங்க. நீங்களே மேடத்துகிட்டச் சொல்லிப்போடுங்க. நாளைக்குப் பெரிய ஷாட் இருக்குது, அதை முடிச்சுட்டே சொல்லுங்க, போதும். பாவம், அந்த மனுசனுக்கு இந்தப் பேரோட வேற யாரு வேலை குடுப்பாங்க?"

"சொல்லலைன்னா?" என்று கேட்டேன்.

"சொல்லுவீங்க. உங்களை எனக்குத் தெரியாதுங்களா?" என்றார்.

அவருக்கு என்னைத் தெரிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் அறைக்குப் போய் நிதானமாக யோசித்தேன். நான் சொன்னால் வேலை போகும். இரண்டு படம் என்று சொன்னதும் வெளியே வரும். மறுபடி கல்யாண மண்டபம், மறுபடி மொய் கொடுக்கிறவர்களின் வரிசை. நான் சொல்லாவிட்டால் சசிதர் சொல்லுவார். சொல்லாமல் இருக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்ள முடியாது, நேர்மையானவர். அவருக்கு நடிப்பு போனால் தோட்டம் இருக்கிறது. எனக்கு இது ஒன்றுதான். எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்தது. கோபமெல்லாம் இல்லை சார். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் எடுக்க வேண்டிய ஷாட் மேல்மாடியில். மில்லை மூடியபோது மெஷின்களை இறக்குவதற்காகக் கடைசிச் சுவரை உடைத்திருக்கிறார்கள். வெறும் வாசல் மாதிரி திறந்து கிடக்கும். கீழே சிமெண்டுத் தளம். இருபத்தெட்டு அடி என்று உங்கள் ஆட்களே அளந்தார்கள். காட்சியில் அண்ணன் முகம் தெரியாது. அண்ணனின் பார்வைதான் கேமரா. கேமரா முன்னால் வர வர, தம்பி கெஞ்சிக்கொண்டே பின்னால் போக வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. கேமரா நிற்கும்போது அவரும் நிற்பார். நான் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. நான் அங்கே நின்றால் சசிதருக்கும் அந்தத் திறப்புக்கும் நடுவே நாலு எட்டு இடம் இருக்கும்.

திறப்புக்குக் குறுக்கே சவுக்குக் கம்பு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். முதல் டேக் நன்றாகத்தான் போனது, டேப்பில் நின்றேன். முடிந்ததும் வாக்கி-டாக்கியில் மேடத்தைக் கூப்பிட்டு, கம்பு ஃப்ரேமில் விழுகிறது என்றேன். உண்மையாகவே விழுந்தது. அவரும் மானிட்டரில் பார்த்துவிட்டு, அவிழ்க்கச் சொன்னார். யாரும் யோசிக்கவில்லை. நாலு எட்டு இடம் இருக்கிறதே.

இரண்டாவது டேக்கில் வெளியே லாரி ஹாரன் அடித்தது. டேப்பில் நின்றேன். அப்போதே செய்திருக்கலாம். எதற்கும் ஒருமுறை கம்பு இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

அங்கப்பன் இல்லாததால் என் பட்டையைப் பிடித்தது நேஹா. உதவி இயக்குநர், இருபத்துமூன்று வயதுப் பெண். அந்த வேலை அதுவரை செய்ததில்லை. நான் முன்னால் போகும்போது அவள் என் முதுகுக்குப் பின்னால் இருப்பாள், எதிரில் எதுவும் அவளுக்குத் தெரியாது. டேப்பை மட்டும் பார்த்துக்கொண்டு, வந்ததும் இரண்டு தடவை இழுக்கச் சொல்லியிருந்தேன்.

மூன்றாவது டேக். மணி பதினொன்றே கால். கிழக்கு வெயில் சசிதர் தோளில் விழுந்தது. "அண்ணா, நான் எதையும் கேக்கலைங்கண்ணா, என்னை விட்டுருங்க" என்பது வசனம். சொல்லிக்கொண்டே பின்னால் போனார். நான் அதே வேகத்தில் முன்னால் போனேன். இருவருக்கும் நடுவே ஆறடி. அந்த ஆறடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

டேப் வந்தது. நேஹா இரண்டு தடவை இழுத்தாள். நன்றாகவே இழுத்தாள்.

முதல் எட்டு வைத்தேன். அவரும் வைத்தார். பட்டையை மறுபடி இழுத்தாள்.

இரண்டாவது எட்டில் சசிதருக்கு ஏதோ தோன்றிவிட்டது. இரண்டு டேக் நடந்த கால் இல்லையா, அதற்குத் தூரம் தெரியும். லென்ஸிலிருந்து பார்வையை எடுத்து என் முகத்தைப் பார்த்தார். கீழே மானிட்டரில் அதைப் பார்த்த மேடம், என்ன நடிப்பு என்று வியந்ததாகப் பின்னால் அழுதுகொண்டே சொன்னார். நான் நிற்பேன் என்று அவர் எதிர்பார்த்தார். கட் சொல்லாமல் டேக்கை நிறுத்துகிற ஆள் இல்லை அவர். நான் மூன்றாவது எட்டை வைத்தபோது அவருடைய பாதி எட்டுதான் பின்னால் போனது. எங்கள் நடுவே இருந்த தூரம் குறைந்தது. இரும்பும் கண்ணாடியுமாக ஒன்று நெஞ்சுக்கு நேராக வந்தால் யாராக இருந்தாலும் விலகுவார்கள். "ஷெர்வின்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். மைக்கில் பதிவாகியிருக்கிறது, நீங்கள் அது வசனத்தில் இல்லையே என்று அன்றைக்குக் கேட்டீர்கள்.

நாலாவது எட்டு.

நான் அவரைத் தொடவில்லை. கேமராவும் தொடவில்லை. இதை என் தரப்பு நியாயமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அதன்பிறகு கத்தினேன், ஓடினேன், படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அதெல்லாம் பழைய வாக்குமூலத்தில் இருக்கிறது.

நேஹா என்னிடம் வந்தாள். ஆம்புலன்ஸ் போன பிறகு. "நான் இழுத்தனுங்கதானே அண்ணா? இழுத்தேன்ல?" என்று கேட்டாள். தோளில் கை வைத்து, "இல்லை அம்மணி, நீ இழுக்கலை. பரவால்ல, புதுசுதானே. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். அவள் நம்பிவிட்டாள். உங்களிடம் இழுத்தேனா இல்லையா என்று ஞாபகமில்லை என்றாள் அல்லவா, அது பொய்யில்லை. இப்போது வீட்டை விட்டு வெளியே வருவதில்லையாம். மாத்திரை சாப்பிட்டுத் தூங்குகிறாளாம். அவளுடைய அம்மா போன் செய்து, நீங்களாவது அவளுக்குத் தைரியம் சொல்லுங்க தம்பி என்றார். போய்ச் சொன்னேன்.

சசிதரின் வீட்டுக்கும் போனேன். துக்கத்துக்கு வந்தவர்கள் எனக்கு நாற்காலி போட்டார்கள். அவருடைய அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்ன கண்ணு பண்ணுவே, அவன் விதி" என்றார். அங்கப்பனும் வந்திருந்தார். என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார், பட்டை கட்டுகிற இடத்தை.

ஏன் இப்போது வந்தாய் என்று கேட்பீர்கள். நேஹாவுக்காக வந்தேன். ஒரு பெண் செய்யாததைச் செய்ததாக நினைத்துச் சாகக் கூடாது. அங்கப்பனுக்காகவும் வந்தேன். போன சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். முறை வந்ததும் ஃபாதரிடம், "பொய் சொன்னேன், கோபப்பட்டேன்" என்று இரண்டு பாவம் மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது சார். அதுதான் காரணம்.

நேற்று மத்தியானம் வக்கீல் நீங்கள் வாங்கிய நிபுணர் அறிக்கையின் நகலைக் கொடுத்தார். நல்ல செய்தி என்றார். அதிகம் போனால் கவனக்குறைவு, புரொடக்‌ஷன்காரர்கள்மேல்தான் கேஸ் நிற்கும், நீ பயப்படாதே என்றார். நாலாம் பக்கத்தில் ஒரு வரி. பயிற்சி போதாத ஆபரேட்டர், கருவியின் எடை இழுத்த வேகத்தில் தன்னைக் கட்டுப்படுத்த முடியாமல் குறியைத் தாண்டிச் சென்றுவிட்டார்.

எடை யாரையும் இழுக்காது சார். அதை அந்த நிபுணரிடம் சொல்லுங்கள். முதல் இரண்டு டேக்கைப் போட்டுப் பாருங்கள், இரண்டிலும் கேமரா ஒரே இடத்தில் வந்து நிற்கும். மூன்றாவதையும் சத்தம் இல்லாமல் போட்டுப் பாருங்கள். நாலு எட்டும் ஒரே அளவு. கட்டுப்பாடு போனவன் விளிம்புக்கு இரண்டு எட்டு முன்னால் நிற்பானா? நான் நின்றேன். பிறகு அந்த இரண்டு எட்டையும் நிதானமாக வைத்து, விளிம்பில் கேமராவைக் கீழே சாய்த்தேன். அவர் ஃப்ரேமின் நடுவில் வந்தார். ஒன்பது வினாடி பிடித்தேன், எண்ணிப் பாருங்கள், ஒரு நூல் கூட ஆடியிருக்காது. அதற்குப் பிறகுதான் கத்தினேன்.

கொன்றேன் என்று எழுதுங்கள். திட்டம் போட்டுக் கொன்றேன் என்று எழுதுங்கள். எத்தனை வருஷம் போட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். நாலாம் பக்கத்தில் இருக்கிற அந்த ஒரு வரியை மட்டும், தயவுசெய்து, என் கண்ணெதிரிலேயே அடித்துவிடுங்கள்.