ரயில் கேட்டுக் கடையும் கண்ணாடித் தொட்டியும்

– தொட்டியில போடற மண்ணை இன்னும் ஒருக்கா அலசுங்கக்கா. மண்ணு கலங்குச்சுன்னா மீனு மூச்சு முட்டிச் செத்துப்போயிரும்.

– ஏழு தடவை அலசியாச்சுடா நஞ்சுண்டா. பச்சரிசியைக்கூட நான் இத்தனை தண்ணியில கழுவுனதில்லை. திங்கற மீனா இருந்தாலும் பரவாயில்லை.

– இது பாக்கற மீனுங்க.

– பாக்கற மீனு. ஞாயித்துக்கிழமை காலங்காத்தால வண்டி வெச்சுக் கண்ணாடித் தொட்டியைக் கொண்டாந்து என்ற ஊட்டு நடையில எறக்கிப்போட்டு, பாக்கற மீனுங்கறான். பக்கத்தூட்டுச் சின்னாத்தா எட்டி எட்டிப் பாக்கறா. 'என்ன பழனாத்தா, பலகாரக் கடை போடப்போறயா'ங்கறா. நான் என்னத்தைச் சொல்ல.

– தம்பி கொண்டாந்த சீருன்னு சொல்லுங்க.

– சீரா இது. நீ எதுக்கு வந்தீன்னு எனக்குத் தெரியாதாக்கும். இணைச்சீருக்குக் கூப்புட வந்திருக்கறே. நேராக் கேக்க வாயில்லாம மீனைத் தூக்கிட்டு வந்திருக்கறே.

– மீனு இருக்கற அந்தப் போசியை இக்கட்டால தள்ளுங்கக்கா.

– பேச்சை மாத்தாதே. மாப்பிள்ளை பக்கத்துல கூடப்பொறந்தவ நின்னு சேலைத் தலைப்பைப் புடிச்சாத்தான் நம்ம சனத்துல கண்ணாலம். உனக்கு இருக்கறது நான் ஒருத்தி. எப்படியும் அக்கா மனசு எளகிருமுன்னு வந்திருக்கறே. எளகாது. போன மாசம் சொன்னதுதான் இன்னிக்கும். நீ எடுத்திருக்கற அந்தக் குடிக்கற பாரை மூடு, அன்னிக்கே வந்து நிக்கறேன்.

– இன்னும் தொறக்கவே இல்லீங்களே.

– தொறக்காதே. அவ்வளவுதான் நான் கேக்கறது.

– சித்தெ தள்ளிக்குங்க, தண்ணி ஊத்தறேன். இது கொழாய்த் தண்ணிதானுங்களே?

– சிறுவாணித் தண்ணிதான். நேத்து வரிசையில நின்னு நாலு கொடம் புடிச்சு வெச்சேன். நாங்க குடிக்கறதையே உன்ற மீனும் குடிக்கோணுமாக்கும்.

– கெணத்துச் சப்பத்தண்ணி இதுகளுக்கு ஆகாதுங்க. உப்பு பட்டாச் செதிலு வெளுத்துப்போயிரும். எங்க மில்லுத் துரை பங்களாவுலகூடக் கொழாய்த் தண்ணியை ஒரு நாள் வெச்சிருந்துதான் ஊத்துவாங்க.

– வந்துட்டான் துரையைத் தூக்கிட்டு. அந்தத் துரை ஊட்டுத் தொட்டிக்குக் கண்ணாடி மாத்தப் போனவன், மாத்திட்டுச் சும்மா வந்தியா. அவரு பாட்டில் அடுக்கி வெச்சிருந்த அலமாரியைப் பாத்தே. புத்தி கெட்டுப்போச்சு. மில்லுல பிட்டர் வேலை, மாசமானாச் சம்பளம். அதை உட்டுப்போட்டுச் சாராயக்கடை.

– சாராயக்கடை இல்லீங்கக்கா. பார். சின்னதா நாலு மேசை, நாற்காலி, நல்ல வெளிச்சமா ரெண்டு லாந்தரு.

– நாற்காலி போட்டு உக்காந்து குடிச்சா அது சாராயம் இல்லாமப் போயிருமா.

– அங்கயும் ஒரு தொட்டி வெக்கறனுங்க. இதை உடப் பெருசு.

– ஏன், மீனும் குடிக்கோணுமா.

– இல்லீங்கக்கா. துரை ஊட்டுல நான் கண்ணால பாத்தனுங்க. விருந்துக்கு வந்தவங்க தொட்டிக்கிட்ட உக்காந்தாங்கன்னா கையில இருக்கற கிளாஸு அப்படியே இருக்கும். மீனு அக்கட்டால போறதையும் இக்கட்டால வாரதையும் பாத்துட்டே இருப்பாங்க. ஒரே கிளாஸை ஒரு மணி நேரம் வெச்சிருந்தாங்க.

– அப்படீன்னா உன்ற யாவாரம் வெளங்குன மாதிரிதான். வந்த ஆளு குடிக்காம இருக்கோணுமுன்னு மீனு வெக்கற கடைக்காரனை நான் எங்கயும் பாத்ததில்லை.

– அக்கா, அந்த மூலையைப் பாருங்க. தண்ணி கசியுது. பெருவெரலை வைங்க. அழுத்துங்க.

– இங்கயா.

– இன்னும் கீழ. ஆமாங்க, அங்கதான். எடுத்துறாதீங்க. வண்டி குலுங்குனதுல கண்ணாடியை ஒட்டுன மக்கு உட்டுப்போச்சாட்ட இருக்குது. நான் தண்ணியை மோந்து மறுக்காக் கொடத்துல ஊத்தற வரைக்கும் புடிச்சிட்டே இருங்க.

– அத்தனை தண்ணியுமா. சொம்புலயா.

– ஓட்டை அடியில இருக்குதுங்களே. அது வரைக்கும் தண்ணி எறங்கோணும். காஞ்ச பொறகு மக்கு அப்பி, நாளைக்கு மறுக்கா ஊத்திக்கலாம். அது வரைக்கும் மீனு இந்தப் போசியிலயே இருக்கட்டும்.

– நல்லா மாட்டி உட்டயேடா என்னை. எந்திரிச்சுப் போகவும் முடியாது. சரி, நான் எந்திரிச்சுப் போகாட்டி நீயும் போக முடியாதில்ல. இன்னிக்குக் கேட்டே போடறேன். உன்ற மச்சான் முடி வெட்டிக்கப் போயிருக்கறாரு, வாரதுக்கு நேரமாகும்.

– கேளுங்க.

– ஆடி மாசம் குடிச்சுப்போட்டுத் தண்டவாளத்து ஓரமாக் கெடந்த உன்ற மச்சானைத் தோளுல போட்டுத் தூக்கிட்டு வந்தது ஆரு? நீதானே. உன்ற அங்கராக்குச் சட்டையெல்லாம் ரத்தம். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிட்டு வந்து, இந்த நடையில உக்காந்துட்டு நீ அழுதே. நான்கூட அழுகல. அப்படி அழுதவன் அடுத்த மாசமே போயி ஏலத்துல கடை எடுக்கறே.

– ஆமாங்க.

– ஆமாங்கறயே, வெக்கமா இல்லையா உனக்கு. பொழுதோட மில்லு உட்டாப் போதும், அடுப்புல சோத்தை வெச்சுப்போட்டு வாசலையே பாத்துட்டு உக்காந்திருப்பேன். இனி எத்தனை ஊட்டுப் பொம்பளைங்க உன்னால அப்படி உக்காரோணும்.

– வெரலை எடுக்காதீங்கக்கா.

– எடுக்கல. அழுகையா வருது, கண்ணைத் தொடைக்கக் கையில்லை.

– இன்னொரு கை இருக்குதுங்களே.

– அதுல உன்ற மண்ணுதான் இருக்குது.

– இருங்க, நான் துண்டுல தொடைச்சு உடறேன். மூஞ்சியைக் காட்டுங்க.

– சேலம் ஜில்லாவுல சாராயக்கடையெல்லாம் ஒட்டுக்கா மூடிப்போட்டாங்க. அந்தச் சட்டம் நம்ம ஊருக்கும் வருமாம். அதை நம்பித்தான் நான் நாளை ஓட்டிட்டு இருக்கறேன்.

– சட்டம் வாரப்ப வரட்டுமுங்க. அது வாரதுக்குள்ள மச்சானுக்கு ஒண்ணும் ஆகாம இருக்கோணுமே.

– என்னடா பேச்சு இது.

– ஆசுபத்திரியில டாக்டரு என்றகிட்டச் சொன்னதை உங்ககிட்ட நான் முழுசாச் சொல்லலீங்க. இப்படியே குடிச்சா ஒரு வருசம் தாண்டாதுன்னாரு. சட்டுனு நிறுத்துனாலும் ஒடம்பு தாங்காது, வலிப்பு வந்துருமுன்னாரு. கொஞ்சம் கொஞ்சமாக் கொறைக்கோணும். ஆராவது கூடவே நின்னு அளந்து குடுக்கோணுமுன்னாரு.

– ஒரு வருசமா. இதை இத்தனை நாளா நீ ஒருத்தனே நெஞ்சுல வெச்சிருந்தியா.

– நான் எடுத்த கடை எதுன்னு நீங்க ஒருக்காக்கூடக் கேக்கலீங்கக்கா.

– எதா இருந்தா எனக்கென்ன.

– ரயில் கேட்டுக்கிட்ட இருக்கற கடைதானுங்க.

– உன்ற மச்சான் போற கடையா.

– அதேதானுங்க. பழைய கடைக்காரன்கிட்ட நாலு தடவை போயிக் கையைப் புடிச்சுக் கேட்டேன், மச்சானுக்கு நாலு கிளாஸுக்கு மேல ஊத்தாதீங்கன்னு. 'கடை உன்றதா, என்றதா'ன்னான். சரி, என்றதாவே ஆக்கிக்கறேன்னு எடுத்துப்போட்டேன்.

– அவரு ரோசக்காரருடா. நீ அளந்து ஊத்துனா வேற கடைக்குப் போயிருவாரு.

– மச்சான்கிட்டக் கேட்டுப்போட்டுத்தான் எடுத்தேன். தலையைக் குனிஞ்சுட்டு 'நீயே ஊத்து மாப்பிள்ளை, நீ போதுமுன்னாக் கிளாஸைக் கவுத்திப்போடறேன்'னாரு. மொத மாசம் நாலு, அடுத்த மாசம் மூணு. ஏழு மணிக்கு நானே கையைப் புடிச்சுக் கூட்டியாந்து ஊட்டுல உட்டுருவேன். கொறைஞ்ச பொறகு உங்ககிட்டச் சொல்லிக்கலாமுன்னாரு. உங்க மூஞ்சியைப் பாக்க அவருக்கு அத்தனை கூச்சமுங்க.

– என்றகிட்ட என்னடா கூச்சம் அந்த மனுசனுக்கு.

– ஊட்டுக்குக் கூட்டியாந்தா அவரு உக்காந்து பாக்க ஒண்ணு வேணுமில்லீங்களா, அதுக்குத்தான் இந்தத் தொட்டி. ஒரு நாள் துரை பங்களாவுக்கு என்னைத் தேடிட்டு வந்தாரு. தொட்டிக்கிட்ட நின்னவரு நின்னவருதான். வெளக்கு வெச்சாச்சு, அப்பவும் நின்னுட்டே இருந்தாரு. அன்னிக்குக் கடைக்கே போகாம நேரா இங்க வந்துட்டாரு.

– அன்னிக்கா. நெனப்பிருக்குதுடா. அடுப்படியில வந்து உக்காந்துட்டு எனக்குக் கீரை ஆஞ்சு குடுத்தாரு. செவப்பு மீனு வாலை எப்படி ஆட்டுச்சுன்னு கையை ஆட்டி ஆட்டிக் காட்டுனாரு. நான் சிரிச்சுட்டேன். கண்ணாலமான புதுசுல இருந்த மாதிரி இருந்துச்சு.

– தண்ணி எறங்கிப்போச்சுங்க. வெரலை எடுத்துக்கலாம்.

– மடக்க முடியலடா. மரத்துப்போச்சு.

– குடுங்க, நீவி உடறேன்.

– ஏண்டா, மொதல்லயே சொல்றதுக்கென்ன. ஒரு மாசமா உன்னைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிட்டுப் போனனே. நோம்பிக்குக்கூட ஒரு வாய் சோறு போடல. நீயும் வாயைத் தொறக்காம இருந்தயே.

– சொல்லியிருந்தா, 'அளந்து குடுக்கறதாவது, இன்னியோட நிறுத்து'ன்னு அவருகிட்டச் சண்டைக்குப் போயிருப்பீங்க.

– போயிருப்பேன்தான். என்ற சாமி, உன்னையப் போயி என்னென்ன பேசிப்போட்டேன். நான் நிக்கறேண்டா.

– எங்க நிக்கறீங்க?

– எங்கயா. இணைச்சீருக்குத்தான். வேற ஆரு நிக்கறது. என்ற கண்ணாலத்துச் சேலை பொட்டியில இருக்குது, அதையே கட்டிக்கறேன். அத்தனை ஒறம்பரைச் சனத்துக்கும் முன்னால, பாருக்காரனுக்கு அக்கா நான்தான்னு நிக்கறேன். உன்ற மச்சானையும் வெள்ளை வேட்டி கட்டிக் கூட்டியாரேன். ஆனா ஒண்ணு, அந்தப் புள்ளை நாச்சியம்மாளை என்ற கண்ணுல மொதல்ல காட்டிப்போடு. அவிநாசித் தேருல அவளைப் பாத்துப்போட்டு வந்து நாலு நாள் சோறு எறங்காமக் கெடந்தவனாச்சே நீ.

– அந்தச் சொம்பைக் குடுங்கக்கா. கொடத்தை மூடி வெக்கறேன்.

– கொடம் கெடக்குது. பொண்ணு பேச்செடுத்தா இப்படியா வெக்கப்படுவே. சூலூருக்காரங்க தை மாசமுன்னுதானே சொன்னாங்க? தேதி குறிச்சாச்சா?

– கையை மடக்கிப் பாருங்க. இப்ப வலிக்குதுங்களா?

– கேக்கறனா இல்லையா. தேதி என்னடா?

– தேதி இல்லீங்கக்கா. கடையை உட்டாத்தான் பொண்ணுன்னுபோட்டாங்க. போன வாரமே சூலூருக்குப் போயி அவங்க குடுத்த உறுதி வெத்தலைபாக்கை நானே திருப்பிக் குடுத்துப்போட்டு வந்துட்டேன்.