தெரு முழுக்கப் போனக்கா

உட்கார்ந்தபடியே பதில் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நின்றால் இடுப்பில் ஆரம்பிக்கும் வலி குதிகால் வரைக்கும் ஒரே இழுப்பாக இழுக்கும். மீசை முளைக்கும் முன்பே பீரோ தூக்க வந்தவன் நான். மாடிப்படியில் பீரோ இறக்கும்போது மேலே பிடிப்பவன் வழி சொல்வான், கீழே பிடிப்பவன் பாரம் சுமப்பான். எனக்கு வழி சொல்ல வராது. அதனால் எப்போதும் கீழேதான்.

தொழிலாளர் அலுவலகத்திலிருந்து வந்திருப்பதாகச் சொன்னீர்கள். நல்லது. என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை.

எங்களுடையது வீடு மாற்றிக்கொடுக்கும் கம்பெனி. சில லாரிகள், கொஞ்சம் ஆட்கள், ஒரு முதலாளி. ஆபீஸ் அறையில் ஒரு மேசை, ஒரு போன், அதற்கு முன்னால் என் அண்ணி. அண்ணன் இறந்த பிறகு வேலைக்கு வந்தவர். போன் எடுக்கிற அக்கா என்பதால் வாடிக்கையாளர்களுக்கு அவர் போனக்கா. நேரில் பார்த்தவர்கள் குறைவு, ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் குரல் சொந்தக்காரர் குரல் மாதிரி.

வீடு மாற்றுகிற நாளில் எவனுக்கும் புத்தி நிலையாக இருக்காது. சாமான்களைத் தெருவில் பரப்பிவிட்டு மெத்தைமேல் உட்கார்ந்திருப்பான், லாரி வந்திருக்காது. போனை எடுத்துத் திட்டுவான். அண்ணி முழுசாகக் கேட்டுக்கொள்வார். பிறகு சொல்வார்: "கத்தி முடிச்சிட்டியா கண்ணு? மிச்சம் இருந்தா அதையும் கத்திடு. நான் டீயை ஆறவச்சுக்கிட்டு இருக்கேன்." அவ்வளவுதான், அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். லாரி போய்ச் சேரும்போது டிரைவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள்.

ஒரு குளிர்சாதனப் பெட்டியோடு என் முதுகு போனது. முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார். அண்ணிதான் குறுக்கே வந்தார். "உங்க லாரியிலதானே இவன் முதுகு போச்சு முதலாளி? என் பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போடுங்க. விலாசம் எழுதிக்கிட்டுக் கிடக்கட்டும்." அப்படித்தான் நான் ஆபீசுக்குள் வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவுக்குச் சாட்பாட் காய்ச்சல், அதாவது ஆளுக்குப் பதில் மெஷினைப் பேசவைக்கும் காய்ச்சல், வந்தது. வியாபாரிகள் சங்கக் கூட்டத்துக்குப் போன முதலாளி புது மாப்பிள்ளை மாதிரி திரும்பி வந்தார். "பல் டாக்டர் வச்சிருக்கான். டைல்ஸ் கடைக்காரன் வச்சிருக்கான். சவப்பெட்டிக் கடைக்காரனே வச்சிருக்கான்யா! நாம மட்டும் என்ன பாவம் பண்ணோம்?" சவப்பெட்டிக் கடையின் சாட்பாட் ஒவ்வொரு விற்பனை முடிந்ததும், 'விரைவில் உங்களை மீண்டும் எதிர்பார்க்கிறோம்' என்று சொல்லும். கடைக்காரர் அதைத் திருத்தவில்லை. மரியாதையாகத்தானே பேசுகிறது என்றார்.

எங்களுக்கும் ஒன்று வந்தது. மழையில் கட்டிலோடு நின்ற ஒருவரிடம், 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்றது. அவர் நனைந்த மெத்தையைத் தலையில் சுமந்து வந்து முதலாளியின் மேசைமேல் போட்டுவிட்டுப் போனார். சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தபடியே முதலாளி என்னிடம் சொன்னார்: "இந்த ரூம்ல இனி ஒரு ஆளுக்குத்தான் சம்பளம். நீ இந்த மெஷினை ஒழுங்காப் பேசவை, அந்த ஆள் நீ. இல்லன்னா லாரியில ஏறு."

நான் ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தேன். மூன்று கதவு பீரோ ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணியிடம் போய், "உங்க பேச்சை மெஷினுக்குக் கத்துக்குடுத்தா உங்க தொண்டைக்கு ஓய்வு கிடைக்கும் அண்ணி" என்றேன். "எனக்கு ஓய்வு தர்ற முதல் ஆளு நீதான் தம்பி" என்று சிரித்தார். அவர் பேசியதையெல்லாம் பதிவு செய்தேன். அதோடு விட்டாரா? எதையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். "அழறவங்ககிட்ட எடுத்தவுடனே பேரைக் கேக்காதே. சாப்பிட்டீங்களான்னு கேளு. அதையும் அதுக்குச் சொல்லிவை." மெஷின் முதன்முதலாக அவர் குரலில் பேசியபோது கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். "அடியே, என்னைவிட நல்லாப் பேசுறியே!"

அந்த மாதத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள். இந்த முதுகோடு அவர் பையை நான்தான் பஸ் நிறுத்தம் வரை தூக்கிப்போனேன். "முதலாளி முடிவு அண்ணி, நான் என்ன செய்ய" என்றேன். அது பொய்யில்லை. முடிவு முதலாளியுடையது. ஏற்பாடு மட்டும்தான் என்னுடையது.

வாடிக்கையாளர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. போனக்கா இப்போதெல்லாம் முதல் மணியிலேயே எடுக்கிறார் என்று சந்தோஷப்பட்டார்கள். ஒருத்தர் பழக்கூடை அனுப்பினார். ஒரு பாட்டி தன் கையால் பின்னிய கம்பளிச் சால்வை அனுப்பினார். மெஷின் பழம் சாப்பிடாது, அதற்குக் குளிரும் அடிக்காது. பழத்தை நான் சாப்பிட்டேன், சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டேன். வலிக்கு இதமாக இருந்தது. சிலர், "மகள் எப்படி இருக்கா போனக்கா?" என்று கேட்பார்கள். பதில் தெரியாமல் மெஷின் முழிக்கக் கூடாதே என்று, குடும்ப விவரம் எல்லாவற்றையும் அதற்குச் சொல்லிவைத்தேன். உறவுக்காரன் என்பதால் சுலபமாக இருந்தது.

பிறகு பல் டாக்டர் வந்து கேட்டார், இந்தக் குரல் நமக்கும் கிடைக்குமா என்று. கொடுத்தோம். டைல்ஸ் கடை, அடுப்பு ரிப்பேர்க் கடை, கடைசியில் சவப்பெட்டிக் கடையும் கேட்டது. வாடகைக்கு விடலாம் என்று முதலாளிக்கு யோசனை சொன்னது நான். அண்ணி இந்தத் தெருவில் வேறு வேலை தேடுவார் என்று எனக்குத் தெரியும். தேடினார். போன் எடுக்கிற வேலை இருக்கிறதா என்று ஒவ்வொரு கடையாக ஏறினார். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: எங்களிடம் ஏற்கெனவே போனக்கா இருக்கிறாரே. சவப்பெட்டிக் கடையில் மெஷின் அவர் பேச்சைக் கேட்டு, ஒலிபெருக்கியில் "சாப்பிட்டியா கண்ணு?" என்றதாம். இல்லை என்று பதில் சொல்லிவிட்டு வந்தாராம்.

ஒரு மத்தியானம் எங்கள் போனுக்கே கூப்பிட்டார். நான் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என் கொழுந்தன் இருக்கானா?"

"அவன் லோடு இறக்கப் போயிருக்கான் கண்ணு," என்றது மெஷின். அண்ணி கூப்பிட்டால் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தேன்.

"லோடா? முதுகு போனவனையா அனுப்பினீங்க? அடிப்பாவி, அவன் நடமாட்டமே போயிடுமேடி."

"கவலைப்படாதே கண்ணு, நான் இருக்கேன்ல."

"நீ இருந்து என்ன பண்ண? இரு, நானே வந்து முதலாளிகிட்டப் பேசுறேன்."

வந்தார். எனக்காக வாதாட, வெயிலில், நடந்தே வந்தார். வாசலில் நின்று பார்த்தார். நான் அவர் நாற்காலியில், அவருக்கு வந்த சால்வையோடு, அவருக்கு வந்த ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கத்தான் நினைத்தேன், முதுகு விடவில்லை.

போன் அடித்தது. மெஷின் எடுத்தது. யாரோ கத்த, அது டீயை ஆறவைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னது. அண்ணி கடைசிவரை கேட்டார். "நடுவுல ஒரு மூச்சு விட்டுப் பேசுடி, ஆளுன்னு நம்பணும்ல" என்று அதனிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் சொன்னபடியே மூச்சைச் சேர்த்தேன். இப்போது இன்னும் நன்றாக இருக்கிறது.

அதன் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் அவர் வரவில்லை. எதிரில் பார்த்தாலும் பேசுவதில்லை. அவர் மகள்தான் உங்களிடம் எழுதிக் கொடுத்திருப்பாள். எழுதட்டும். உண்மையைச் சொல்லாமல் அவர் குரலை எடுத்தது நான். அவர் வேலையை எடுத்தது நான். அடுத்த வேலை கிடைக்காமல் செய்ததும் நான்தான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மூலையில் ஒரு ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளையை இன்றைக்குத் தெருவே கொண்டாடுகிறது. இதையெல்லாம் செய்தது யார்? நான் கணக்குப் பார்க்கிறவன் இல்லை. இருந்தாலும் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்: அண்ணி எனக்கு ஒரு நன்றி பாக்கி வைத்திருக்கிறார்.