சிவப்பு வெளிச்சத்தின் கீழ் மூன்று நிமிடம்

தலைமை ஏற்றிருக்கும் லாரி ஓட்டுநர் சங்கத் தலைவர் அவர்களே, கோயில் முற்றத்தை நமக்குத் திறந்துவிட்ட பெரியோர்களே, பாக்கு நறுக்கிய கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, லாரியை ஓரங்கட்டிவிட்டு அமர்ந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

நான் நம் பிங்டுங் மாவட்ட நெடுஞ்சாலையில் பத்தொன்பது ஆண்டுகள் பாக்கு விற்ற ஷூ-யூன். வெற்றிலை மடித்தவள், வெண்சுண்ணம் தடவியவள், விற்றதையே தானும் மென்றவள். என் நாக்கின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் படலம் வந்தது. வலித்ததா? இல்லை. சூடான சூப்பு பட்டால் மட்டும் எரிந்தது. பல் பிடுங்கப் போன இடத்தில் அதைப் பார்த்த மருத்துவர், பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். போனேனா? போகவில்லை. என் வாடிக்கையாளர் ஆ-லியாங்கின் கன்னத்தை வாய்ப்புற்றுக்காக வெட்டி எடுத்த பிறகு அவர் குழல் வைத்துக் கஞ்சி குடித்ததைப் பார்த்தவள் நான். மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டேன்.

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் சிரித்துத்தான் மழுப்பினேன்.

என் கணவர் சுன்-ஹேயிடம் மழுப்ப முடியவில்லை.

"ஏன்டி, சூப்பை ஆறவச்சே குடிக்கிற?"

"பல்லு கூசுதுங்க."

"பல்லைத்தான் பிடுங்கியாச்சே. வாயைத் திற."

திறந்தேன். அவர் முகம் வெளுத்தது. மறுநாளே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

மருத்துவர் ஷியே அம்மையார் அந்தப் படலத்தில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் நான் உண்டேனா, உறங்கினேனா? பத்தாம் நாள் அவர் சொன்னார்: "புற்று இல்லம்மா. ஆனா அதுக்குப் போற வழியில நிக்குது."

கத்தி வேண்டாம், முதலில் ஒளியால் முயலலாம் என்றார். படலத்தின் மேல், ஒளி பட்டால் வேலை செய்யும் மருந்துக் களிம்பைப் பூசி, அது ஊறும்வரை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார். பிறகு சிவப்பு வெளிச்சம். மூன்று நிமிடம் ஒளி, மூன்று நிமிடம் ஓய்வு. மறுபடி ஒளி, மறுபடி ஓய்வு. பச்சை மிளகாயை நாக்கில் அரைத்ததுபோல் எரிந்தது. கத்தவும் முடியாது, வாயை விரித்துக் கட்டியிருந்தார்கள்.

மறுநாள் கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளை போய் வெறும் சிவந்த புண். முற்றிவிட்டது என்றே நம்பினேன். இனி போகமாட்டேன் என்று அழுதேன். சுன்-ஹே மருத்துவரிடம் தொலைபேசியில் பேசிவிட்டு வந்து சொன்னார்: "அந்தப் படலம் சாகுறதால வர்ற புண்ணாம்டி. பயமா இருந்தா பயந்துக்கோ. பயந்துக்கிட்டே போவோம், வா."

பயந்துகொண்டே போனேன், வாரம் ஒருமுறை, ஆறு வாரம். ஏழாம் வாரம் அம்மையார் விளக்கைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். படலம் இல்லை. "திரும்பவும் வரலாம். பாக்கை விட்டுடணும், மூணு மாசத்துக்கு ஒருதடவை காட்டணும்" என்றார். விட்டேன். காட்டி வருகிறேன். பயம் போயிற்றா? போகவில்லை, தோழர்களே! ஒவ்வொரு முறையும் என் கால் நடுங்குகிறது. நடுங்கும் காலும் நடக்கும். அதை மட்டுமே உங்களிடம் சொல்ல வந்தேன்.

அதோ, மேடைக்கு இடப்பக்கம் ஷியே அம்மையார் உங்கள் வாயைச் சோதிக்கக் கைவிளக்கோடு காத்திருக்கிறார். இவ்வளவு நேரம் வாய் திறக்காமல் கேட்ட உங்கள் பொறுமைக்கு என் நன்றி. எழுந்து வாருங்கள், இப்போது திறப்போம். வணக்கம்.