ஓரத்தில் நிற்காத கண்

ஸ்டாமாடிஸ் போடும் காபிக்கு கிரேக்கத்தில், எங்கள் பத்ராஸ் நகர ஆய்வகத்தில் தனி மரியாதை. நுரை கலையாமல் இறக்குவார். பதினொரு வருடம் அதைக் குடித்திருக்கிறேன், ஐயா. அவரைப் பற்றிக் குறையாகச் சொல்ல, அந்த ஒரு காரியத்தைத் தவிர எனக்கு வேறெதுவும் இல்லை.

நாம் ஓரமாகப் பார்க்கும்போது, கண் தானாக நடுவுக்குத் திரும்பிவிடப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த மூளையில் ஒரு நரம்புச் சுற்று இருக்கிறது. அந்தச் சுற்றைக் கணக்காக எழுதிக் கணினியில் ஓடவிட்டவள் நான். ஆறு வருட உழைப்பு. லிஸ்பன் மாநாட்டில் ஸ்டாமாடிஸ் அதைத் தன் பெயரில் வாசித்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன். 

"உன் பேரு விட்டுப்போச்சு, எவான்தியா. நாம என்ன வேத்து ஆளா?" என்று பிறகு சிரித்தார். அவரைக் கூடப்பிறந்தவராக நினைத்திருந்தேன்.

மாதம் ஒருமுறை எங்கள் கண்ணசைவையே நாங்கள் பதிவு செய்துகொள்வது வழக்கம். மாநாடு முடிந்த மார்ச்சில் அவர் கண் ஓரத்தில் நிற்காமல் சறுக்கிச் சறுக்கி வந்தது. என் கணக்கில் எதை மாற்றிப் பார்த்தும் பதிவில் விழுந்த அந்தக் கோடு பொருந்தவில்லை. சிறுமூளையின் பங்கை மட்டும் குறைத்தேன். அச்சு அசலாகப் பொருந்தியது. அங்கே ஏதோ வளர்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஜூனில் அவரே கேட்டார். "படிக்கறப்ப எழுத்து ஓடுது. ரெக்கார்டிங்ல ஏதாச்சும் தெரியுதா?"

"ஒண்ணுமில்ல. வயசாகுதுல்ல, கண்ணாடிய மாத்துங்க."

மாற்றினார், இரண்டு தடவை. மாதாமாதம் வந்து, பதிவுக் கருவியின் தாங்கியில் தாடையை வைத்து, நான் காட்டிய புள்ளியைச் சமர்த்தாகப் பார்த்தார். நான் முன்கூட்டியே குறித்துவைத்த அளவில் சறுக்கல் கூடிக்கொண்டு வந்தது. அவ்வளவு சுத்தமான பதிவு யாருக்கும் கிடைத்திருக்காது.

ஜனவரியில் மாடிப்படியில் விழுந்தார். போன வசந்தத்திலேயே வந்திருந்தால் கட்டியை எடுத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, ஸ்டாமாடிஸ் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். அவர் அடக்கத்திலும் நன்றாகவே அழுதேன்.

பழிவாங்கினேன் என்று மட்டும் உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிவிடாதீர்கள், ஐயா. அக்டோபரில் அவரிடம் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். சறுக்கலின் வரைபடம் முடிய இன்னும் மூன்று மாதத்துப் புள்ளிகள் தேவைப்பட்டன.