பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம்

ரோசம்மா: ...செங்கல் சுவரு வேண்டாம்னு சொல்லுதேன். காதுல விழலையா?

மரியஅந்தோணி: விழுது. ஏன் வேண்டாம்னு சொல்லணும்லா.

ரோசம்மா: அடுப்படிக்கு நடுவுலதான் பிளைவுட் நிக்குதே. இந்தப் பக்கம் நாம, அந்தப் பக்கம் உங்க தம்பி குடும்பம். அது போதாதா?

மரியஅந்தோணி: பிளைவுட்டை சர்வேக்காரங்க சுவருன்னு ஒத்துக்க மாட்டாங்களாம். பக்கத்து வீட்டுப் பூதத்தான் சொல்லுதாரு. நடுவுல பக்கா சுவரு, ஆளுக்கு ஒரு கிச்சன்னு இருந்தா ரெண்டு குடும்பம்னு எழுதிக்குவாங்களாம். இதை இடிச்சுட்டுப் பில்டிங் வரும்போது நமக்கு ஒரு பிளாட், தம்பி ரெனால்டுக்கு ஒரு பிளாட். இல்லன்னா எல்லாருக்கும் சேத்து ஒண்ணுதான்.

ரோசம்மா: பூதத்தான் அண்ணன் என்ன, ஆபீசரா? போன மாசம் குளிக்கக் கழுவ உள்ளயே மோரி இருந்தாத்தான் வீடுன்னாரு. அதுக்கு முந்தி மாடி இருந்தா ஆகாதுன்னாரு.

மரியஅந்தோணி: தாராவியில யாருக்குச் சரியாத் தெரியும்? கட்டி வச்சா கெட்டுப் போவாது. மிஸ்திரிய வரச் சொல்லட்டுமா?

ரோசம்மா: பொறுங்க... இப்பவே திரும்புனா முட்டுது. செங்கலும் வந்துட்டா நான் எங்கன நிக்க? தலைய மட்டும் உள்ள நீட்டிச் சோறு பொங்கணுமா?

மரியஅந்தோணி: பொங்குவ. நீ கல்யாணம் முடிச்சு வந்தப்ப அடுப்படின்னு ஒண்ணு ஏது? வாசல்ல கரி போட்டு எரிக்குத சிகடி அடுப்பு. வர்றவன் போறவன்லாம் உன் கொழம்பைத் தாண்டித்தான் போவான்.

ரோசம்மா: அதெல்லாம் நெனப்பிருக்கா? மழை வந்தா சிகடியத் தூக்கி உள்ள வைப்பேன். அண்ணனும் தம்பியும் புகைக்குப் பயந்து நனைஞ்சுக்கிட்டே தெருவுல நிப்பீய. வெந்தாச்சுன்னு சொன்னாத்தான் உள்ள வாரது.

மரியஅந்தோணி: பெறவு பம்ப் ஸ்டவ் வாங்கித் தந்தேன்லா.

ரோசம்மா: அது ஸ்டவ்வா? ஏரோப்ளேன். அது போடுத சத்தத்துல நாலு வீட்டுப் பிள்ளைய முழிச்சுக்கிடும். நான் பம்ப் அடிப்பேன், லிசா அடைப்பெடுக்கப் பின்னைக் குத்துவா. அப்பதான் அவ கல்யாணமாகி வந்த புதுசு. மண்ணெண்ணெய் வாடை தலைக்கு ஏறி, பாவம், குத்திக்கிட்டே ஓங்கரிப்பா.

மரியஅந்தோணி: பரவால்லியே. லிசா பேரெல்லாம் உன் வாயில வருது.

ரோசம்மா: பழங்கதை பேசுனா வரத்தான செய்யும்.

மரியஅந்தோணி: இல்ல... ஓரகத்திய ரெண்டு பேரும் முகம் பாத்துப் பேசி வருசக்கணக்காச்சு. கோயில்ல கூட அவ ஒரு பெஞ்சு, நீ ஒரு பெஞ்சு. அதான் கேட்டேன்.

ரோசம்மா: யாரால? உங்க தம்பி கேஸ் சிலிண்டரைத் தோள்ல வச்சுக் கொண்டாந்தாரு. நீங்க வாசல்ல குறுக்க நின்னீய.

மரியஅந்தோணி: அப்ப மேல லாஃப்ட்ல பிள்ளைய தூங்கும். வெடிச்சா?

ரோசம்மா: ஊரெல்லாம் வச்சிருந்தான். நம்ம வீட்டுல மட்டுந்தான் வெடிக்குமாக்கும். "ஒன் வெடிகுண்டை ஒன் மூலையில வச்சுக்கலே"ன்னு சொன்னீய. அவரு அன்னைக்குச் சாயங்காலமே பிளைவுட் கொண்டாந்து அடிச்சிட்டாரு. "நீ ஒன் புகையிலயே கெட"ன்னாரு.

மரியஅந்தோணி: அடுத்த வருசம் நானும் கேஸ் வாங்கலியா?

ரோசம்மா: வாங்குனீய. பிளைவுட்டை எடுத்தீயளா?

மரியஅந்தோணி: அவன் அடிச்சது. அவன்தான் எடுக்கணும்.

ரோசம்மா: அண்ணன் ஒரு வார்த்தை சொல்லட்டும், எடுக்கேன்னு அவரு இருக்காரு.

மரியஅந்தோணி: ...அவன் அப்படி இருக்கான்னு உனக்கு யாரு சொன்னா?

ரோசம்மா: இருப்பாருன்னு சொன்னேன். சொன்னாருன்னு சொல்லல.

மரியஅந்தோணி: சரி, சரி.

ரோசம்மா: நீங்க ஏன் இன்னைக்குப் பட்டறையில இருந்து இவ்வளவு சீக்கிரம் வந்துட்டீய? போய்க் கொஞ்சம் காத்தாட நிக்கக் கூடாதா?

மரியஅந்தோணி: ஏன், நான் இங்கன இருந்தா உலை கொதிக்காதா?

லிசா: அக்கா, புளி கரைச்சாச்சு. சட்டிய இங்கிட்டுத் தள்ளுங்க...

மரியஅந்தோணி: யாரு அது?

ரோசம்மா: டிவி. அந்தப் பக்கம் டிவி ஓடுது.

மரியஅந்தோணி: டிவியில ஒன்ன அக்கான்னு கூப்பிடுதாங்களா?

ரோசம்மா: நாடகத்துல யாரையாவது கூப்பிட்டிருப்பா. எனக்கென்ன தெரியும்?

மரியஅந்தோணி: ஏம்மா, லிசா. நாடகத்தை நிறுத்திட்டு இப்படி முன்பக்கமா வா.

லிசா: எதுக்கு, அத்தான்?

மரியஅந்தோணி: வாம்மா. கோவமா ஒண்ணும் கூப்பிடல.

லிசா: ...வந்தேன், அத்தான்.

மரியஅந்தோணி: நேத்து எங்க வீட்டு அயிலக் கொழம்புல மாங்கா கெடந்துச்சு. உங்க அக்காவுக்கு மீன்ல மாங்கா போடுறதே பிடிக்காது. எப்படி வந்துருக்கும்?

ரோசம்மா: ஒரு தடவை போட்டா தப்பா?

மரியஅந்தோணி: ஒரு தடவையா? சீசன் பூரா கெடக்கு. நான் சாப்பிடுத ஆளுதான, ஏட்டி. நாக்கு எனக்கும் இருக்கு.

லிசா: கொழம்பு நான் வைக்கேன், அத்தான். சோறும் ரசமும் அக்கா.

மரியஅந்தோணி: தெனமுமா?

லிசா: தெனமும்.

மரியஅந்தோணி: எப்படி? முன்வாசல் வழியா நீ வந்து நான் பாத்ததில்லியே.

லிசா: அரிசி டிரம்முக்குப் பின்னால பிளைவுட்ல ஆணி இல்ல. கீழே இழுத்தா விலகும். சட்டி போவும், வரும்.

மரியஅந்தோணி: எப்ப இருந்து?

ரோசம்மா: உங்க தம்பி அடிச்ச மறுநாளே. காலையில இவ அந்தப் பக்கம் மாவு கரைக்கா. கரைக்கையிலயே அழுதது கேட்டுச்சு. மாசமா வேற இருந்தா. முந்தின நாள் வரைக்கும் ஒரே சட்டியில கிண்டினவ, பலகைக்கு அங்கிட்டு உக்காந்து அழுதா நான் எப்படி இட்லி ஊத்த? குறடு எடுத்து ரெண்டு ஆணியப் பிடுங்கிட்டேன்.

லிசா: மூணு.

மரியஅந்தோணி: அப்ப கோயில்ல தனித்தனி பெஞ்சு?

ரோசம்மா: நீங்க ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டு நிக்கும்போது நாங்க சிரிச்சுப் பேசுனா நல்லாவா இருக்கும்? சண்ட போட்டது நீங்க. நாங்க போடல. சும்மா உங்க மரியாதைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டோம்.

லிசா: பூசைக்கு நடுவுல அக்கா திரும்பிப் பாத்தாகன்னா எனக்குச் சிரிப்பு வந்துரும். அதான் தள்ளி உக்காருதது.

ரோசம்மா: இப்பத் தெரிஞ்சு போச்சுல்லா. அதான் செங்கல் வேண்டாங்கேன். செங்கலுக்குள்ள சட்டிய எப்படித் தள்ள?

மரியஅந்தோணி: சட்டிக்காக ஒரு பிளாட்டை விடவா? யோசிச்சுப் பேசு. நம்ம பிள்ளைய வளந்தாச்சு. ரெனால்டு மவ பத்தாவது படிக்கா. ஆளுக்கொரு வீடுன்னா லேசான காரியமா?

லிசா: எனக்கும் ஆசை இல்லாம இல்ல, அத்தான். மவ படிக்கதுக்கு ஒரு ரூம், சாத்திக்கிட ஒரு கதவு... ஆனா ரெண்டு பிளாட்டும் பக்கத்துல பக்கத்துலயா குடுப்பாங்க? உங்களுக்கு இங்கனயும் எங்களுக்குக் கோவண்டியிலயும்னு சொல்லிட்டா? பாண்டுப்பு பக்கம் தள்ளிவிட்டா?

ரோசம்மா: ரயில் ஏறிப் போயா நான் கொழம்பு வாங்கியார?

லிசா: பிரசவத்துக்கு எங்கம்மா வர முடியல. பச்ச உடம்புக்காரின்னு அந்த ஓட்டை வழியாத்தான் அக்கா பத்தியச் சோறு தந்தாக. என் மவளுக்கு மொத வாய்ச் சோறும் அது வழியா வந்ததுதான். சுவரு எழும்பிட்டா... எனக்கு அந்த வீட்டுல நிக்கத் தெரியாது, அத்தான்.

மரியஅந்தோணி: அழாத. உக்காரு.

ரோசம்மா: மிஸ்திரிய வரச் சொல்லாதீய. சர்வேக்காரங்க வந்தா உள்ளதைச் சொல்லுவோம். இன்னொரு வீடு போனா போவட்டும்.

மரியஅந்தோணி: நெசமாத்தான் சொல்லுதியா? நாளைக்கு இடிச்சலா இருக்கு, நெருக்கடியா இருக்குன்னு என்னைச் சொல்லிக் காட்டக் கூடாது.

ரோசம்மா: சிகடிப் புகையில இருந்தவளுக்கு இடிச்சல் என்ன புதுசா? சொல்ல மாட்டேன்.

மரியஅந்தோணி: நீ, லிசா?

லிசா: நானும் சொல்ல மாட்டேன். ஆனா அவிய, உங்க தம்பி, ஒத்துக்கிடணும்லா. உங்களோட பேசவும் மாட்டாவ. அவியகிட்ட இதை யாரு போய்ச் சொல்லுதது?

மரியஅந்தோணி: சொல்ல வேண்டியதில்லம்மா. நீங்க ரெண்டு பேரும் காலையில ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கிட்டு, தனித்தனியா, ஒரே மீன் மார்க்கெட்டுக்குப் போனீயல்லா... அப்பவே சர்வேக்காரங்க வந்துட்டாங்க. எத்தனை அடுப்புன்னு கேட்டாங்க. நான் வாயத் தொறக்கும் முன்ன ரெனால்டு "ஒண்ணுதான்"னு சொல்லிட்டான். எனக்கும் ஆமான்னுதான் வந்துச்சு. எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. பெறவுதான் ரெண்டு பேருக்கும் பயம் வந்து, உங்ககிட்ட எப்படிச் சொல்லுததுன்னு அப்ப இருந்து டீக்கடையிலயே உக்காந்திருந்தோம்... அவன் இன்னும் அங்கனதான் இருக்கான், மொதல்ல நீ போய்ச் செங்கல் சுவருன்னு பேச்செடுத்து அவிய மனசைப் பாத்துட்டு வான்னு என்னை அனுப்பிட்டு.