கமோமே கடையின் அசல் டிரம்ஸ்

பச்சைத் தேநீரில் கறை சரியாகப் பிடிக்காது, ஐயா. அதற்குப் பால் சேர்க்காத கறுப்புத் தேநீர்தான் வேண்டும், அதுவும் ஆறியது. நீங்கள் ஊற்றிக் கொடுத்திருப்பது நல்ல பச்சைத் தேநீர். நன்றி, குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

என் பெயர் இசோகாய். கோபேயிலுள்ள பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது என் தொழில். வெள்ளையாகப் பல் செய்ய யாராலும் முடியும். பக்கத்துப் பல் எவ்வளவு பழுத்திருக்கிறதோ அவ்வளவு பழுக்க வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. 'கமோமே' மதுக்கடை ஷிகெசோவுக்கு முன்பற்கள் நான் செய்தவைதான். மனைவி கயோகோவிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை. தகனத்தன்று கயோகோ அழுதுகொண்டே, "பல்லு மட்டும் கடைசிவரைக்கும் சொந்தப் பல்லு" என்றார். நான் தலைகுனிந்து அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டேன்.

ஷிகெசோ போன பிறகு கடையைக் கயோகோ நடத்துகிறார். சனிக்கிழமைகளில் வாடிக்கையாளர்களான நாங்களே ஜாஸ் வாசிப்போம். டாக்சி ஓட்டுகிற நெகிஷிக்கு சாக்ஸபோன், எனக்கு ஷிகெசோவின் டிரம்ஸ். அமெரிக்காவில் செய்த பழைய செட். முத்துவெள்ளை பிளாஸ்டிக் உறை பழுத்து, ஓரங்களில் பிளந்து, ஒரு பக்கம் சிகரெட் சுட்ட தழும்புடன் இருக்கும். அழகென்றால் அதுதான் அழகு.

ஒருநாள் கயோகோ கண்ணாடிக் கோப்பையைத் துடைத்தபடி, "இதப் புதுசு பண்ணலாம்னு இருக்கேன். சிவப்பா" என்றார்.

"சிவப்பா? நாம என்ன தீயணைப்பு வண்டியா ஓட்டப்போறோம்?" என்றான் நெகிஷி.

"மொதமொதல்ல அவர நான் பாத்தப்ப இது சிவப்பாத்தான் இருந்துச்சு. அந்தச் சிவப்பு கண்ணுல பட்டுத்தான் அவரு வாசிச்ச கடைக்குள்ளயே நுழைஞ்சேன். இல்லன்னா மழைக்கு எதிர்த்தாப்பல நூடுல்ஸ் கடைக்குப் போயிருப்பேன்."

மறுவாரம் நான் அந்த டிரம்ஸ் செய்த கம்பெனியின் பழைய விலைப்பட்டியலை எடுத்துப்போய் மேஜைமேல் விரித்தேன். அந்த மாதிரியில் சிவப்பே கிடையாது. மெதுவாகத்தான் எடுத்துச் சொன்னேன். "கயோகோசான், ஞாபகம் நமக்கு நல்லது பண்றதா நெனச்சு ஏதாவது சாயம் பூசிடும்."

"அப்ப நான் கிறுக்கச்சியா?"

"அப்பிடி யாரு சொன்னா? வயசுதான் சொல்லுது" என்றான் நெகிஷி. எல்லோரும் சிரித்தோம். கடைசியாகக் கயோகோவும் சிரித்துவிட்டு, "யோசிச்சுப் பாக்குறேன்" என்றார்.

நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு 'மாட்டேன்' என்றுதான் அர்த்தம், உங்களுக்குத் தெரியும். அவர் யோசிக்கப் போவதில்லை. சீக்கிரமே பெயின்டர் வந்து நிற்பான். அழியப்போகிற ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே தைவானில் செய்த புது செட் ஒன்று வாங்கினேன், முத்துவெள்ளையில். தேநீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றிப் பழுக்க வைத்தேன். உப்புத் தண்ணீரில் திருகாணிகளுக்குத் துரு ஏற்றினேன். சிகரெட் தழும்புக்கு ஷிகெசோ பிடித்த அதே சிகரெட்டைத்தான் பயன்படுத்தினேன். நான் புகைப்பதில்லை, இருமல் வந்தது. பிறகு தோல் மாற்ற வேண்டும் என்று சொல்லி, பட்டப்பகலில் ஒவ்வொரு டிரம்மாக எடுத்துப்போய், அதற்குப் பதில் என் டிரம்மைக் கொண்டுவந்து வைத்தேன். கயோகோ கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, வழியில் சாப்பிடச் சோற்றுருண்டை கட்டிக் கொடுப்பார். கொண்டுபோனது நெகிஷியின் டாக்சியில்தான். நல்ல மனிதன், மீட்டர் போடவே மாட்டான்.

செட் முழுதும் மாறிய பிறகு வந்த சனிக்கிழமை நெகிஷி வாசிப்பை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். "கேளுங்க, பழைய மரம் எப்பிடிப் பேசுதுன்னு. புதுசுல வருமா இந்தச் சத்தம்?" நான் தாளம் பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஷிகெசோவின் நினைவுநாளன்று கயோகோ ஒரு கோப்பை விஸ்கியை டிரம்மின் மேல் வைத்தார். சிகரெட் தழும்பை விரலால் தடவினார். "வேணாம் இசோகாய்சான். நீங்க சொன்னதுதான் சரி. இதுல அவரு வேர்வை இருக்கு. இப்பிடியே இருக்கட்டும்." கடைசியில் அசலின் அருமை ஒருவருக்காவது புரிந்ததே என்று உண்மையாகவே மகிழ்ந்தேன்.

அடுத்து நடந்ததுதான் உங்களுக்கு வருத்தம் தரலாம். வீட்டில் அசல் செட்டின் பிளந்த ஓரத்தை ஒட்டுவதற்காக உறையைக் கொஞ்சம் தூக்கினேன். அடியில் சிவப்பு. கமேலியாப் பூவின் சிவப்பு, தொழிற்சாலையில் அடித்த பூச்சு. வெள்ளை உறையை ஷிகெசோவே பின்னால் ஒட்டியிருக்கிறார், ஏதோ ஹோட்டல் குழுவின் வெள்ளை கோட்டுகளுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்றிருக்கலாம். என் விலைப்பட்டியல் அந்த செட் செய்த வருடத்துக்கு அடுத்த வருடத்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

கயோகோவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் சொன்னால், உறைக்கு அடியில் எப்படிப் பார்த்தாய் என்று கேட்பார். அதோடு, பாவம், அப்போதுதான் அவர் மனம் அமைதியாகியிருந்தது. அதைப் போய்க் கலைப்பது நாகரிகமில்லை.

அசல் என்று வந்துவிட்டால் நான் விட்டுக்கொடுப்பதில்லை. முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி வெள்ளை உறை முழுவதையும் உரித்தேன், பசையைச் சுரண்டினேன், மெழுகு போட்டேன். கயோகோ கேட்டதும் இதுதானே என்பீர்கள். இல்லை. அவர் பூசச் சொன்னார், நான் உரித்தேன். இந்த வித்தியாசத்தை அவருக்கும் விளக்கினேன், அவர் கேட்கிற நிலையில் இல்லை.

மாட்டிக்கொண்டது என் வளர்ப்பினால். டிரம்ஸைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு நன்றியாக, ஆண்டிறுதி அன்பளிப்புப் பெட்டியோடு கயோகோ என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஹாம் பெட்டி, கனமானது. குளிரில் வந்த பெண்மணியை வாசலோடு அனுப்ப முடியுமா? என் கை தானாக, வீட்டுக்குள் போடுகிற விருந்தாளிச் செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்துவிட்டது. வைத்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று நினைவு வந்தது. வைத்த செருப்பைத் திரும்ப எடுப்பது எப்படி?

அவர் டிரம்ஸுக்கு முன்னால் நின்றார்.

"சிவப்பு" என்றார். பிறகு, என்னிடம் அல்ல, அந்தப் பெரிய டிரம்மிடம், "நான் கிறுக்கச்சி இல்ல, பாத்தீங்களா" என்றார். அப்படியே பாயில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். மெழுகின்மேல் கண்ணீர் பட்டால் வெள்ளைத் தடம் விழும். அதனால் டிரம்மைச் சற்றுத் தள்ளி வைத்தேன்.

அவர் தொலைபேசியில் கூப்பிட்டதும் நெகிஷி வந்தான். விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப இத்தன நாளா நான் கண்ண மூடிக் கேட்டது?" என்றான்.

"தைவான்" என்றேன்.

அவன் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அதன் பிறகுதான் போலீஸுக்குச் சொல்லி உங்களைக் கூப்பிட்டார்கள்.

எல்லாவற்றையும் நான்தான் செய்தேன், ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். சிவப்பு செட் கயோகோவிடமே போகிறது, சனிக்கிழமைகளில் அதை வாசிக்கவும் போகிறார்களாம். கீறல் விழும், என்ன செய்வது. கடையிலிருக்கும் வெள்ளை செட் சாட்சியப் பொருளாக இங்கே வரும் என்றீர்கள். தயவுசெய்து அதை யாரும் ஈரத்துணியால் துடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலிருக்கும் ஒவ்வொரு கறையும் என் கையால் வைத்தது. அது அசல்.