தண்டவாளத்தை விற்ற மனுஷன்

சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி போகிற பஸ்ஸில், பின்பக்கம் மூணே பேர்தான் இருந்தோம். நான், எனக்கு முன்சீட்டில் ஒரு புருஷன், பொண்டாட்டி.

"எஞ்சின் வாங்கத்தான் தண்டவாளத்த வித்துட்டேன்" என்றார் அவர். எனக்குப் பகீரென்றது. ரயில்வே போலீஸ் வந்தால் என்னையும் சாட்சிக்கு இழுப்பார்களே! கொஞ்சம் கேட்ட பிறகுதான், மேசையில் ஓட்டுகிற குட்டி ரயில் என்று புரிந்தது.

"அடுத்த மாசம் வார புது மாடல்ட்டி. புக் பண்ணும்போது பன்னெண்டாயிரம், இப்ப கடைக்காரன் பதினாறுங்கான். ஆறு மணிக்குள்ள மிச்சத்தக் கட்டலன்னா அட்வான்ஸ் அஞ்சாயிரமும் போச்சு."

"எனக்குத் தெரியாம அஞ்சாயிரமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தண்டவாளம் எவ்வளவுக்குப் போச்சு?"

"ஏழாயிரம். இன்னும் நாலு வேணும்."

"எஞ்சின் வந்து எதுல ஓடும்? என் தலையிலயா?"

"ஷோகேஸ்ல நிக்கட்டும்."

"ஓடாத எஞ்சின் என் வீட்டுக்குள்ள வரக்கூடாது."

மணி அஞ்சே முக்கால். அந்தம்மா பணம் அனுப்பப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"தண்டவாளத்தயும் திருப்பி வாங்கணும். ரெண்டுக்கும் சேத்துச் சொல்லுங்க, எவ்வளவு அனுப்பணும்?"

அவர் குரல் உள்ளே போய்விட்டது.

"அதுவும் இப்ப வெல ஏறி எட்டாயிரம் ஆயிட்டு. எல்லாம் சேத்துப் பன்னெண்டாயிரம்."